1.23-க்குப் போட்ட பூட்டு

1998 ஜூன் 15 — 1.1 — 188 வரி
1998 ஜூன் 22 — 1.2 — கூடியது 31, கழிந்தது 4
1998 ஜூலை 9 — 1.5 — கூடியது 12, கழிந்தது 12
1998 அக்டோபர் 14 — 1.13 — கூடியது 74, கழிந்தது 9
1998 டிசம்பர் 24 — 1.18 — கூடியது 2, கழிந்தது 57
1999 பிப்ரவரி 19 — 1.23 — கூடியது 6, கழிந்தது 1
1999 பிப்ரவரி 26 — 1.23 — பூட்டு

கோவில்பட்டியில் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்திவந்த சௌந்தரபாண்டியனின் மாடி அறையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதில் லாரி வாடகைக் கணக்குப் போடும் கோப்பு ஒன்று இருந்தது. மேலே இருப்பது அந்தக் கோப்பின் ஜாதகத்தில் சில வரிகள். rlog என்று அடித்துக் கோப்பின் பெயரைக் கொடுத்தால், எந்தத் தேதியில் எத்தனையாவது பதிப்பு, எத்தனை வரி கூடிற்று, எத்தனை வரி கழிந்தது என்று மெஷின் முழுவதும் ஒப்பிக்கும். கடைசி வரி மட்டும் மெஷின் சொன்னதல்ல. பூட்டு யாருடையது என்று அது சொல்லும். என்றைக்கு விழுந்தது என்று சொல்லாது. அந்த நாள் ராதாமணிக்கு மனப்பாடம். ஒரு வெள்ளிக்கிழமை.

ராதாமணி எட்டயபுரத்தில் 1966-இல் பிறந்தவள். அப்பா கடைவீதியில் கயிறும் சாக்கும் விற்றார். கணக்குப் பாடத்தில் பட்டம் வாங்கி, டைப்ரைட்டிங் முடித்து, 1990-இல் சௌந்தரபாண்டியனிடம் பில் அடிக்கும் வேலைக்கு வந்தாள். பெண் பார்க்க மூன்று இடத்திலிருந்து வந்தார்கள். மூன்றும் ஒவ்வொரு காரணத்தால் தள்ளிப்போயிற்று. அப்பா போனார். அண்ணன் சூரத்தில் கடை போட்டான். 1996-இல் அம்மாவும் போனபின் வீட்டில் அவள் ஒருத்திதான். காலை பஸ்ஸில் கோவில்பட்டி, மாலை பஸ்ஸில் எட்டயபுரம். ஜன்னலுக்கு வெளியே இரண்டு பக்கமும் கரிசல். மழை பெய்தால் கறுப்பு, காய்ந்தால் வெடிப்பு.

1998-இல் சௌந்தரபாண்டியன் ரசீதுகளை மெஷினில் போட வேண்டும் என்று முடிவு செய்து காசிராஜனைக் கூட்டிவந்தார். காசிராஜன் கடம்பூர்க்காரன். பாலிடெக்னிக் முடித்து, புனேயில் கொஞ்ச காலம் புரோகிராம் எழுதிவிட்டு, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குத் திரும்பியவன். பத்திரிகையோடு இலவசமாகக் கிடைத்த குறுந்தகட்டிலிருந்து லினக்ஸை ஏற்றினான். கணக்கு ராதாமணிக்குத் தெரியும், புரோகிராம் அவனுக்குத் தெரியும். இருவரும் சேர்ந்துதான் எழுத வேண்டும்.

இரண்டு பேர் ஒரே கோப்பில் கை வைத்தால் ஒருவர் எழுதியதன்மேல் மற்றவர் எழுதிவிடுவார். முதல் வாரமே அப்படி ஆயிற்று. அதைத் தடுக்கத்தான் காசிராஜன் RCS என்ற ஏற்பாட்டை வைத்தான். கோப்பை எடுத்துத் திருத்த வேண்டுமா, co -l என்று அடிக்க வேண்டும். எடுத்தவர் பெயரில் பூட்டு விழும். அதன்பின் மற்றவர் கோப்பைப் படிக்கலாம், திருத்த முடியாது. வேலை முடிந்ததும் ci -u. மெஷின் அதைப் புதிய பதிப்பாகப் பதிந்துகொண்டு பூட்டை எடுத்துவிடும். பதியும்போது, என்ன செய்தாய் என்று ஒரு குறிப்புக் கேட்கும். எழுதிவிட்டுத் தனி வரியில் ஒரு புள்ளி வைத்தால் முடிந்தது.

அந்தக் குறிப்பில்தான் அவர்கள் பேசிக்கொண்டார்கள். மாடி அறையில் கல்யாணமாகாத ஆணும் பெண்ணும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால் கீழே மூட்டை ஏற்றுகிறவர்களிலிருந்து எதிர் டீக்கடை வரை எல்லோருக்கும் காது நீளும். அதனால் வாயால் பேசுவது வேலைக்கு வேண்டிய அளவுதான். கதவு எப்போதும் அகலத் திறந்திருக்கும். ஆனால் குறிப்பை யாரும் படிக்கப்போவதில்லை. ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பார்கள்.

“நாக்பூர் வாடகை சரி. உங்க டீ ஆறுது” என்று 1.5-இல் அவன் எழுதினான். “டீ குடிச்சாச்சு. நாக்பூர் இன்னும் இடிக்குது” என்று 1.6-இல் அவள். டிசம்பரில் அவன் எழுதிய ஐம்பத்தேழு வரியை ஒரே நாளில் தூக்கிவிட்டு, “கோவிச்சுக்கிடாதீங்க” என்று எழுதினாள். மறுநாள் 1.19-இல், “தூக்கினது தெரியவே இல்லை, அவ்வளவு லேசாயிருச்சு” என்று இருந்தது. அன்று பஸ்ஸில் அதையே நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் இருந்த அம்மாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

1999 பிறந்ததும் ஊரெல்லாம் இரண்டாயிரமாவது ஆண்டுப் பிரச்சினை பற்றிப் பேச்சு. கம்ப்யூட்டர்களைச் சரிசெய்ய அமெரிக்காவுக்கு ஆள் எடுத்தார்கள். காசிராஜனுக்கு நியூஜெர்சியில் ஆறு மாத ஒப்பந்தம் கிடைத்தது. பிப்ரவரி 26 அன்று காலை கடைசியாக மாடிக்கு வந்து, நின்றுகொண்டே எதையோ அடித்தான். பில் புத்தகம் வாங்க வந்த புக்கிங் கிளார்க் கடற்கரையும் அங்கே இருந்தான்.

“வாடகை ஃபைலை எடுத்து வச்சிருக்கேன்” என்றான் காசிராஜன். “பாதி மாத்தி வச்சிருக்கேன். நான் வந்து முடிக்குத வரைக்கும் தொட்டுராதீங்க.”

“எப்ப வருவீங்க?” என்றாள் ராதாமணி.

“ஆறே மாசம்.”

“எங்க மாமாவும் ஆறு மாசம்னுதான் துபாய்க்குப் போனாரு” என்றான் கடற்கரை. “பதினோரு வருசம் கழிச்சு வாராரு, எங்க அத்தைக்கே அடையாளம் தெரியல. யாரோ சாமான் விக்க வந்திருக்கான்னு நெனச்சு, ஒண்ணும் வேண்டாம் போன்னுட்டா.”

மூன்று பேரும் சிரித்தார்கள். காசிராஜன் படியிறங்கிப் போனான். ராதாமணி உடனே rlog அடித்துப் பார்த்தாள். பூட்டு இருந்தது, காசிராஜன் என்ற பெயர் இருந்தது, குறிப்பு ஒன்றுமில்லை. ci தான் குறிப்புக் கேட்கும். co கேட்காது. எடுத்துக்கொண்டு போகிறவனிடம் மெஷின் ஒன்றும் கேட்பதில்லை.

மார்ச்சில் அவன் கம்பெனி முகவரியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது, குளிரைப் பற்றி. மே மாதம் இன்னொன்று. ஒப்பந்தத்தை நீட்டிப்பார்கள் போலிருக்கிறது என்று. ஜூலையில் ராதாமணி எழுதியது, அப்படி ஒருவர் அந்தக் கம்பெனியில் இல்லை என்ற பதிலோடு திரும்பி வந்தது. ஆகஸ்டோடு ஆறு மாதம் முடிந்தது.

அவள் வேலையை விடவில்லை. ரசீது அச்சிடும் கோப்பு, லாரி எண் கோப்பு, பார்ட்டி பெயர்க் கோப்பு எல்லாவற்றையும் திருத்திக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் குறிப்பு எழுதினாள். “அச்சு நேராக வருகிறது. இன்றைக்கும் மழை இல்லை.” பதில் எழுத ஆள் இல்லை. அடுத்த பதிப்பும் அவளுடையதாகவே இருந்தது. காலையில் மெஷினைப் போட்டதும் முதல் வேலையாக வாடகைக் கோப்புக்கு rlog அடிப்பாள். பூட்டு, காசிராஜன், 1.23. அந்த மூன்று சொல் திரையில் இருக்கிறவரை ஆள் திரும்பி வருவான் என்று அவளுக்கு ஒரு கணக்கு. பூட்டை அவளால் உடைக்க முடியும். அதற்கும் ஒரு கட்டளை இருக்கிறது. உடைத்தால், அவன் வரமாட்டான் என்று முதலில் சொன்னவள் அவளாகிவிடுவாள்.

அக்டோபர் முதல் வாரத்தில் டீசல் விலை ஏறியது. லாரி முதலாளிகள் கூடிப் பேசி வாடகையை மாற்றினார்கள். வெறும் விலை ஏற்றம் என்றால் விலைப் பட்டியலை மாற்றினால் போதும். இவர்கள் கணக்கையே மாற்றிவிட்டார்கள். தூரத்துக்குத் தூரம் வேறு விகிதம். அது வாடகைக் கோப்புக்குள் போய்ச் செய்ய வேண்டிய வேலை.

சௌந்தரபாண்டியன் மூச்சு வாங்க மாடிக்கு ஏறி வந்தார்.

“ஏம்மா ராதாமணி, இருபத்தஞ்சாம் தேதி திங்கக்கெழமையிலேர்ந்து புது வாடகை. ஆயிரம் கிலோமீட்டருக்கு இங்கன ஒரு கணக்கு, அங்கன ஒரு கணக்கு. மெஷின்ல ஏத்திருவேல்லா?”

“வாடகை ஃபைலு பூட்டிக் கெடக்கு அண்ணாச்சி.”

“பூட்டா? யாரு போட்டா?”

“அவியதான்.”

பின்னாலேயே வந்த கடற்கரைக்கு வாய் சும்மா இருக்குமா? “அவிய போட்ட பூட்டு அண்ணாச்சி, அவிய வந்துதான் தொறக்கணும். அமெரிக்காவுக்கு ஒரு லாரி புக் பண்ணிருவோமா? ஆனா புது வாடகையா பழைய வாடகையான்னு அக்காகிட்ட கேட்டுக்கிடணும்.”

“ஏலே, நீ போயி எடையப் பாரு. பேச வந்துட்டான்.” அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “ஒன்னால தொறக்க முடியாதாம்மா?”

“முடியும்.”

“பெறவு என்ன?”

அவள் மேஜைமேல் கிடந்த ரசீதுகளை அடுக்கத் தொடங்கினாள்.

“முடியும்னா தொறந்துரு தாயி. முடியாதுன்னா சொல்லு, நான் பழையபடி கையால எழுதிக்கிடுதேன். தீவாளிச் சரக்கு நிக்கி. ரெண்டுல ஒண்ணு சொல்லணும். முடியும்னுட்டு சும்மா இருந்தா அது எந்தக் கணக்குலயும் சேராது.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

மூன்று நாள் சுற்றுவழி தேடினாள். வாடகைக் கோப்பைத் தொடாமல், அது போட்ட கணக்கைப் பின்னால் இன்னொரு புரோகிராம் திருத்துகிற மாதிரி எழுதிப் பார்த்தாள். ஒரே ரசீதில் இரண்டு தொகை அச்சாகி வந்தது. கடற்கரை அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “யக்கா, இதுல எதக் குடுக்க? டிரைவருகிட்டயே கேட்டா பெருசத்தான் கேப்பான்” என்றான். அவள் ரசீதை வாங்கிக் கிழித்துப் போட்டாள்.

23-ஆம் தேதி சனிக்கிழமை காலை, உடைத்துவிடுவது என்று முடிவு செய்தாள். அதற்கு முன் ஒரு காரியம் செய்ய நினைத்தாள். பாதி மாற்றி வைத்திருப்பதாகச் சொன்னானே, அந்தப் பாதி மெஷினில் அவனுக்கென்று ஒதுக்கிய பகுதியில் கிடக்கும். பூட்டை உடைத்துவிட்டுத் தான் புதிதாக எழுதினால் அவன் உழைப்பு வீணாகிவிடும். அதை எடுத்துத் தன் வேலையோடு சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த எட்டு மாதத்தில் அவள் அவனுடைய பகுதியைத் திறந்ததில்லை. எல்லாவற்றையும் திறக்கும் அதிகாரம் அவளிடம்தான் இருந்தது; வாராவாரம் நகல் எடுப்பவளும் அவள்தான். இருந்தாலும், அடுத்தவர் பெட்டியை அவர் இல்லாதபோது திறப்பது அவள் பழக்கமில்லை. அன்று உள்ளே போய் ls அடித்தாள். நாலைந்து கோப்பு வரிசையாக வந்தது. அவற்றில் ஒன்று வாடகைக் கோப்பு. மற்றதைப் பார்க்கவில்லை. rcsdiff அடித்தாள்.

பதிந்திருக்கும் பதிப்புக்கும், எடுத்து வைத்துத் திருத்திய பிரதிக்கும் என்ன வித்தியாசம் என்று rcsdiff வரி வரியாகக் காட்டும். கோப்பின் பெயர் வந்தது. 1.23-ஐ எடுக்கிறேன் என்று ஒரு வரி வந்தது. அதற்குக் கீழே வித்தியாசங்கள் வர வேண்டும்.

ஒன்றும் வரவில்லை.

தப்பாக அடித்துவிட்டோமோ என்று மறுபடி அடித்தாள். அதே இரண்டு வரி, அதற்குக் கீழே வெறும் திரை. பிரதியின் தேதியைப் பார்த்தாள். பிப்ரவரி 26. எடுத்த நேரம் எதுவோ அதுவே கடைசியாகத் தொட்ட நேரம். பாதியும் இல்லை, கால்வாசியும் இல்லை. ஒரு கமாகூட மாறவில்லை.

கீழே எடைத்தட்டு இறங்கும் சத்தம் கேட்டது. யாரோ யாரையோ ஏசினார்கள். அவள் எழுந்து, திறந்தே இருந்த கதவைச் சாத்தினாள். அந்த அறைக் கதவு பகலில் சாத்தப்பட்டது அன்றுதான்.

rcs -u1.23 என்று அடித்தாள். இது காசிராஜனின் பூட்டு, உடைக்கலாமா என்று மெஷின் கேட்டது. பதில் சொல்லாமல் வெறுமே என்டர் தட்டினால் வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளும். முதல் தடவை வெறுமே தட்டினாள். பூட்டு அப்படியே இருந்தது. இரண்டாம் தடவை y அடித்தாள்.

எதற்காக உடைக்கிறாய், காரணம் சொல் என்றது.

அடுத்தவர் பூட்டை உடைப்பவரிடம் RCS காரணம் கேட்காமல் விடாது. அந்தக் காரணத்தைப் பூட்டின் சொந்தக்காரருக்குக் கடிதமாகவும் போட்டுவிடும். இது ராதாமணிக்குத் தெரியும். கடிதம் எங்கே போகும் என்பதும் தெரியும். இதே மெஷினில் காசிராஜன் என்ற பெயரில் ஒரு தபால் பெட்டி இருக்கிறது, அதில் போய் விழும். இந்த அறைக்குள்ளேயே எழுதி, இந்த அறைக்குள்ளேயே கிடக்கப்போகிற கடிதம். அவன் வந்து திறந்தால் உண்டு. அவன் வரப்போவதில்லை.

“டீசல் ஏறிப்போச்சு. வாடகைக் கணக்கு மாறணும்” என்று அடித்தாள். காரணம் அவ்வளவுதான். அடுத்த வரியில் புள்ளி வைத்திருக்கலாம். அவள் வைக்கவில்லை.

“பாதி மாத்தி வச்சிருக்கேன்னு சொன்னீங்க. தேடிப் பார்த்தேன். ஒரு எழுத்துகூட மாறலை.

நீங்க ரயில் ஏறுன அன்னைக்கு ஸ்டேஷனுக்கு நானும் வந்தேன். கூட்ஸ் ஷெட் பக்கம் நின்னேன். உங்க வீட்டு ஆட்கள் எல்லாரும் நின்னதால கிட்ட வரலை.

தினமும் காலையில வந்ததும் முதல்ல உங்க பேரைத்தான் பார்க்கேன். திங்கக்கிழமை பார்த்தா இருக்காது.”

புள்ளி வைத்தாள். பூட்டு போயிற்று.

உடனே co -l அடித்துத் தன் பெயரில் எடுத்தாள். மத்தியானச் சாப்பாட்டைத் திறக்காமல் வேலை செய்து, நாக்பூருக்கும் டில்லிக்கும் கல்கத்தாவுக்கும் கணக்குப் போட்டுச் சரிபார்த்து, ci -u அடித்தாள். 1.24. கூடியது 38, கழிந்தது 11. குறிப்பு கேட்டது. “புது வாடகை” என்று மட்டும் எழுதினாள். கடற்கரையிடம் சாவியைக் கொடுத்துவிட்டு முன்னதாகவே பஸ்ஸைப் பிடித்தாள். தினமும் மாலையில் இண்டர்நெட்டுக்காக மதுரைக்கு டயல் செய்து, வெளியே போக மெஷினில் காத்திருக்கும் கடிதங்களோடு பம்பாய் ஏஜெண்டுக்குப் பட்டியல் அனுப்புவது அவள் வேலை. அன்று அதைக் கடற்கரை செய்தான்.

திங்கட்கிழமை புது ரசீது சுத்தமாக வந்தது. சௌந்தரபாண்டியன் ஒரு ரசீதைக் கையால் கூட்டிப் பார்த்துவிட்டு, “பைசா பிசகலை” என்றார். கடற்கரை மட்டும் தலையைச் சொறிந்தான்.

“யக்கா, சனிக்கெழமை ரெண்டு லெட்டர் போச்சுன்னு காட்டுச்சு. பம்பாய்க்கு ஒண்ணுதான?”

“லைன் அறுந்து திரும்பப் போயிருக்கும்” என்றாள் அவள். அப்படி அடிக்கடி நடக்கும். அவள் மேற்கொண்டு பார்க்கவில்லை.

தீப்பெட்டிப் பண்டல் ஏற்றிய லாரிகள் தினமும் வடக்கே போயின. ராதாமணிக்குக் காலையில் மெஷினைப் போட்டதும் கை தானாக rlog அடித்தது. பூட்டு என்ற இடத்துக்கு எதிரே ஒன்றுமில்லை. அடித்ததை நிறுத்தவும் முடியவில்லை.

தீபாவளி ஞாயிற்றுக்கிழமை வந்தது. எட்டயபுரத்தில் முந்தின நாளே மழை. பக்கத்து வீட்டிலிருந்து தட்டில் அதிரசமும் முறுக்கும் வந்தன. தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாதே என்று சீனி வைத்துக் கொடுத்தாள். தனக்காக எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. அண்ணனோடு பேசலாம் என்று எஸ்டிடி பூத்து வரை நடந்து போனாள்; லைன் கிடைக்கவில்லை. திரும்பி வரும்போது செருப்பில் கரிசல் அப்பி, ஒவ்வொரு காலும் ஒரு படி கனத்தது. வாசலில் உட்கார்ந்து குச்சியால் சுரண்டி எடுத்தாள். தெரு முழுக்க வெடிச் சத்தம். தனக்குத்தான் கேட்கிறதோ என்னவோ, யாரோ கதவைத் தட்டுவதுபோல் இருக்க, இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை ஆபீஸ் திறந்தது. சூடம் காட்டி முடிந்ததும் மாடிக்குப் போய் மெஷினைப் போட்டு, டயல் செய்தாள். பம்பாய்க்காரர் தீபாவளி வாழ்த்துச் சொல்லியிருந்தார். அதற்குக் கீழே ராதாமணி பெயருக்கு ஒரு கடிதம். அனுப்பிய முகவரி அவள் பார்த்தறியாத, யாரும் காசில்லாமல் திறந்துகொள்ளக்கூடிய முகவரி. பெயர் காசிராஜன்.

“ராதாமணிக்கு,

இந்த முகவரி உங்க மெஷினுக்கு மட்டும்தான் தெரியும். கிளம்புற அன்னைக்கு, என் பெட்டிக்கு வாரது எல்லாம் இங்க வரணும்னு எழுதி வச்சிட்டு வந்தேன். அந்தப் பெட்டிக்கு வேற யாரும் எழுத மாட்டாங்க. பூட்டு உடைஞ்சா மட்டும்தான் கடிதம் வரும்.

வாரா வாரம் திறந்து பார்ப்பேன். காலியா இருக்கும். சரி, அங்க எனக்கு இன்னும் எடம் இருக்குன்னு நெனச்சுக்கிடுவேன். வர மாட்டேன்னு எழுதணும்னு எத்தனையோ தடவை உக்காந்தேன், எழுத முடியலை. இங்க மூணு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். கல்யாணமும் வீட்டுல முடிவு பண்ணிட்டாவ.

கூட்ஸ் ஷெட் பக்கம் நீங்க நின்னதைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி ஏறிட்டேன்.

ஃபைலை இனிமே நீங்களே பார்த்துக்கிடுங்க. இந்த முகவரியை இன்னைக்கே மூடிருதேன்.”

அவள் காசிராஜனின் பகுதிக்குப் போனாள். புள்ளியில் தொடங்கும் பெயருள்ள கோப்புகள் வெறும் ls-க்குத் தெரியாது. அன்றைக்கு ls -a அடித்திருந்தால் தெரிந்திருக்கும். இப்போது அடித்தாள். வருகிற கடிதத்தை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் .forward என்ற கோப்பு இருந்தது. உள்ளே ஒரே ஒரு வரி, அந்த முகவரி. தேதி பிப்ரவரி 26.

பதில் எழுத உட்கார்ந்தாள். “1.24 சரியா வந்திருக்கு” என்று அடித்தாள். அனுப்பினாள். மாலை டயல் செய்தபோது, அப்படி ஒரு முகவரி இல்லை என்று அது திரும்பி வந்தது.

ராதாமணி அந்த மாடியில் இன்னும் எட்டு ஆண்டு வேலை பார்த்தாள். வாடகைக் கோப்பு 1.140 தாண்டிப் போயிற்று. இன்னொரு ஆளை வைக்கவா என்று சௌந்தரபாண்டியன் இரண்டு தடவை கேட்டார். வேண்டாம் அண்ணாச்சி என்றாள். குறுக்கே எழுத யாரும் இல்லாத கோப்பை, ஒவ்வொரு தடவையும் முறைப்படி co -l அடித்துத் தன் பெயரில் பூட்டித்தான் எடுப்பாள். வீட்டுக்குப் புறப்படுமுன் ci -u. எந்தப் பூட்டையும் ஒரு ராத்திரி கிடக்க விட்டதில்லை. குறிப்பில் செய்த வேலையை மட்டும் எழுதினாள். மழையைப் பற்றி எழுதுவதை விட்டுவிட்டாள்.

காசிராஜனிடமிருந்து பிறகு ஒரு வரியும் இல்லை. கடைசிக் கடிதம் வந்து சேர்ந்த தேதி: 1999 நவம்பர் 9.